இதமா இருக்கு

டிசம்பர் 3, செவ்வாய்

இந்த நோட்டை பெனிட்டா வாங்கித் தந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் மூன்று கட்டளைகள். காலை, மாலை இரண்டு வேளையும் பாதத்தைப் பார்க்கணும். வலது, இடது தனித்தனியாக எழுதணும். பொய் எழுதக் கூடாது.

இருபத்தாறு வருடம் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி எழுதியே நடுவிரல் காய்த்துப்போயிருக்கிறது. எனக்கே எழுதக் கற்றுத் தருகிறாள் மகள். அந்தக் கோபத்தில்தான் மூன்று வாரம் ஒரு எழுத்தும் எழுதவில்லை. நேற்று போனில், "நோட்டைக் காட்டுங்கப்பா" என்றாள். காட்டினேன். வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆகவே இன்று முதல். வலது: சரி. இடது: சரி.

டிசம்பர் 4, புதன்

வலது: சரி. இடது: சரி. மஞ்சூர் வண்டி 8.10க்கு வர வேண்டியது, 8.26க்குப் போனது. பனிமூட்டம்.

டிசம்பர் 6, வெள்ளி

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. உறைந்திருக்கிறது. கோகிலா வாளியோடு மேலே சாலைக்குப் போய்ப் பிடித்து வந்தாள். எங்கள் வீடு சாலைக்குக் கீழே சரிவில் இருக்கிறது. முப்பத்தோரு படி. கோகிலா காலை எட்டு மணிக்கு வந்து சமைத்து, துணி துவைத்து, பத்து மணிக்குப் போய்விடுவாள். ஞாயிறு விடுமுறை. மற்ற நேரமெல்லாம் நானும் சக்கர நாற்காலியும்தான். முப்பத்தோரு படியை நாற்காலி ஏறாது. மேலே போகும் வண்டிகளை நான் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சத்தத்தை வைத்துச் சொல்வேன், எது மஞ்சூர் வண்டி, எது எமரால்டு வண்டி என்று.

எழுதச் சொன்னதால் முழுதாகவே எழுதுகிறேன். போன வருடம் அக்டோபரில் கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று ஏணியில் ஏறினேன், விழுந்தேன். முதுகுத் தண்டில் அடி. தொப்புளுக்குக் கீழே எனக்கு எந்த உணர்ச்சியும் இல்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கண்டக்டர் போஜன். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

என் கால் குளிர்வது எனக்குத் தெரியாது. கைதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். ரத்த ஓட்டம் குறைவு, இந்த ஊர்க் குளிரில் விரல்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிடும். அதற்கு எனக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மெல்லிய பருத்தி சாக்ஸ். அதன் மேல் ஒரு அளவு பெரிய கம்பளி சாக்ஸ், விளிம்பில் இறுக்கம் இல்லாதது. இறுக்கினால் சதையில் பதிந்துவிடும், பதிந்தது தெரியாது. ஈரம் இருக்கக் கூடாது. விரலிடுக்கைத் துடைத்து உலர்த்த வேண்டும். பிறகு கம்பளி. கைப்பிடி வைத்த கண்ணாடியால் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். வெந்நீர்ப் பை கூடாது, கரி அடுப்புப் பக்கத்தில் உட்காரக் கூடாது. டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது: "உங்க காலுக்கு உறையறதும் தெரியாது, வேகறதும் தெரியாது."

போன மார்ச்சில் குதிகாலில் ஒரு புண். ஒரு ரூபாய் அளவுதான் இருந்தது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. பெனிட்டாவுக்கு ரயில்வேயில் எஞ்சின் ஓட்டும் உதவி லோகோ பைலட் பயிற்சிக்கு வந்த அழைப்பு அதோடு போயிற்று. என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தே அந்தத் தேதியைக் கடத்தினாள். இது இரண்டாவது அழைப்பு, மூன்றாவது கிடையாது; இப்போது பயிற்சி ஹாஸ்டலில் இருக்கிறாள். ஜனவரி எட்டாம் தேதி பரீட்சை. போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள்: "காலில் ஒரு புண் வந்தாலும் நான் எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவேன்ப்பா." சொன்னால் செய்கிறவள். காலமான அவள் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள்.

வலது: சரி. இடது: சரி.

டிசம்பர் 8, ஞாயிறு

பதினொன்றரை மணிக்குப் படியில் காலடிச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை யார் வரப் போகிறார்கள் என்று பார்த்தால், வாசலில் போஜன். கையில் மஞ்சள் பை. பதினாலு மாதத்துக்குப் பிறகு வருகிறான். தலை பாதி நரைத்திருக்கிறது.

"அண்ணா, உள்ள வரலாமா?"

"கதவு திறந்துதானே இருக்கு."

வந்து ஓரத்தில் உட்கார்ந்தான். பையில் கேரட், உருளைக்கிழங்கு, ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட். அவன் ஊரில் அறுவடையாம். பஸ் ஸ்டாண்டில் என் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பையன் எல்லாவற்றையும் மெஷினில் அடிக்கிறான், எழுதுவதே இல்லை என்றான். சுவரைப் பார்த்தான், காலண்டரைப் பார்த்தான். என் இடுப்புக்குக் கீழே மட்டும் பார்க்கவில்லை. அவன் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெனிட்டா அவனிடம், "ஏணியைக்கூடப் பிடிக்கத் தெரியாதா அங்கிள்? இனிமே எங்க வீட்டுப் படி இறங்காதீங்க" என்று சொன்னது உள்ளே என் கட்டிலுக்கே கேட்டது.

சாக்ஸ் மாற்றுகிற நேரம் வந்தது. நான் குனிந்து கழற்றும்போது அவன் எழுந்து வந்தான். "விடுங்கண்ணா, நான் பண்றேன்." என் பாதத்தைக் கையில் பிடித்தான். "ஐயோ, ஐஸா இருக்குண்ணா."

"அப்படியா" என்றேன்.

அவன் என்னை மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மேலே போய்த் தைல மரத்து இலை ஒரு கொத்து ஒடித்து வந்தான். கெட்டிலில் போட்டுக் கொதிக்க வைத்தான். வீடு முழுக்க அந்த வாசனை. பிளாஸ்டிக் டப்பில் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் விட்டு, வெந்நீரைக் கலந்து, என் இரண்டு காலையும் உள்ளே வைத்தான். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தை நிமிர்த்திக் கேட்டான்.

"சூடு சரியா இருக்காண்ணா?"

"ம். இதமா இருக்கு."

அவன் முகம் அப்போது எப்படி ஆயிற்று என்று எழுத எனக்குத் தெரியவில்லை. வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"ஊத்து."

மூன்று தடவை ஊற்றினான். வலது பக்கமாக உட்கார்ந்திருந்ததால் அந்தப் பக்கமே ஊற்றினான். பழைய கதையெல்லாம் பேசினோம். பிறகு துண்டால் துடைத்து, பாதத்தைத் தூக்கிக் காட்டினான். "பாருங்க, நல்லாச் சிவந்திருச்சு. ரத்தம் ஓடுது." அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லிவிட்டு 2.40க்குக் கிளம்பினான்.

வலது: சரி. இடது: சரி. இரண்டும் சூடாக இருந்தன. இதமாக இருந்தது.

டிசம்பர் 9, திங்கள்

இன்று கால் இரண்டும் தசை இழுத்து, என்னைக் கேட்காமலே ஓயாமல் உதறுகின்றன. வலது கால் நாற்காலியின் மிதியிலிருந்து மூன்று முறை கீழே விழுந்தது. குளிராக இருக்கலாம்.

பெனிட்டா: "கால் சூடா இருக்காப்பா?" இருக்கு என்றேன். போஜன் வந்ததைச் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளையிடம் எதற்கு.

வலது: சரி. இடது: சரி.

டிசம்பர் 10, செவ்வாய்

வலது சாக்ஸ் ஈரமாக இருந்தது. டீ கொட்டியிருக்கும் என்று நினைத்தேன். கழற்றினேன். டீ இல்லை.

வலது: சரி. இடது: சரி.

டிசம்பர் 11, புதன்

மாலை வீடியோவில் பெனிட்டா. "ரெண்டு காலையும் காட்டுங்க."

இடது காலைக் காட்டினேன். "இப்போ வலது" என்றாள். போனை மறுபக்கம் கொண்டு போய், தலைகீழாகத் திருப்பி, மறுபடியும் இடது காலையே காட்டினேன். சிக்னல் சரியில்லாதது நல்லதாகப் போயிற்று. "பளிச்சுன்னு இருக்குப்பா, குட்" என்றாள். இன்றைக்கு பிரேக் சிஸ்டம் பாடம் நடந்ததாம். காற்றழுத்தம் குறைந்தால் வண்டி தானாக நின்றுவிடுமாம். ரயிலில் எல்லாமே அப்படித்தான்ப்பா, ஒரு இடத்தில் தப்பானால் உடனே தெரிஞ்சிடும் என்றாள். நல்ல ஏற்பாடு என்றேன்.

போனை வைத்தபின் கொஞ்ச நேரம் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

கோகிலா கண்டுபிடித்துவிட்டாள். துவைக்க எடுத்த சாக்ஸைப் பார்த்துவிட்டு வந்து முன்னால் நின்றாள்.

"கால நீட்டுங்க."

"ஒண்ணுமில்ல."

"நீட்டுங்கன்னா நீட்டுங்க. இருக்கா இல்லையான்னு நான் கேட்டேனுங்ணா உங்கள?"

கழற்றிப் பார்த்தாள். வலது பாதத்தின் மேற்புறம் முழுக்கக் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது. சுண்டுவிரல் பக்கம் வெள்ளையாக இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு பண்ணது இது?"

"நானேதான். வெந்நீர் ஊத்திக்கிட்டேன்."

"உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

பெனிட்டாவிடம் சொல்லிவிடுவேன் என்றாள். பரீட்சை முடியட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிற ஆள் இல்லை. அது அவளுக்கும் தெரியும், அதனால்தான் சம்மதித்தாள். சுகாதார நிலைய நர்ஸம்மாவை அழைத்து வர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வலது: எழுதவில்லை. இடது: சரி.

டிசம்பர் 15, ஞாயிறு

போஜன் வந்தான். கையில் தைல இலைக் கொத்து. படியிறங்கும்போதே சிரித்த முகம். ஒரு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருந்திருப்பான் போலிருக்கிறது.

"வெந்நீர் வைக்கட்டுமாண்ணா? போன தடவை இதமா இருக்குன்னீங்களே."

கால்மேல் கம்பளியைப் போர்த்தியிருந்தேன். அடியில் கோகிலா சுற்றிவிட்ட துணி. அவன் கம்பளியில் கை வைத்ததும் எனக்கு என்ன வந்ததோ.

"வேண்டாம். தொடாத. போ."

அவன் கையை எடுத்துக்கொண்டான். "புரியுதுண்ணா" என்றான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏணியை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன் என்று எடுத்துக்கொண்டான். இலையை வாசலில் வைத்துவிட்டுப் படியேறினான். முப்பத்தோரு படியையும் எண்ணினேன். இருபதாவது படியில் ஒரு தடவை நின்றான். கூப்பிட்டிருக்கலாம்.

டிசம்பர் 18, புதன்

நர்ஸம்மா வந்தார். படியிறங்கி வந்ததில் மூச்சு வாங்கியது, அதையும் சேர்த்து என்னைத் திட்டினார். வெள்ளையாக இருக்கும் இடம் ஆழமான காயமாம். தினமும் சுத்தம் செய்து கட்ட வேண்டும். கறுக்க ஆரம்பித்தால் ஆஸ்பத்திரிதான், அதையும் விட்டால் விரல் போகும் என்றார். வாரம் இரண்டு நாள்தான் அவரால் வர முடியும். மற்ற நாட்கள் கோகிலா கட்டுகிறாள். ஞாயிறு யாரும் இல்லை.

"கூட யாரு இருக்காங்க உங்களுக்கு?" என்று கேட்டார்.

மகள் என்றேன். எங்கே என்றார். படிப்பு என்றேன். வேறு யார் என்றார். ஒரு பெயர் வந்தது. சொல்லவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

மஞ்சூர் வண்டி 8.14. எமரால்டு வண்டி 9.05. மத்தியானம் யாரும் இல்லை. மாலையும் யாரும் இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

போஜன் வரவில்லை. எப்படி வருவான். கட்டை நானே மாற்றப் பார்த்தேன். சாக்ஸ் என்றால் ஒரு கை போதும்; கட்டுக்கு இரண்டு கையையும் விட்டுக் குனிந்தால் நாற்காலியிலிருந்து விழப் போகிறேன். அப்படியே விட்டுவிட்டேன்.

வாசலில் அவன் வைத்துவிட்டுப் போன இலை காய்ந்து கிடக்கிறது. நேற்று கோகிலா பெருக்க வந்தாள், வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

ஆறரை மணிக்குப் பங்குக் கோயிலிலிருந்து பாட்டுக் குழு வந்தது. மேலே சாலையில் நின்று மேளத்தோடு இரண்டு பாட்டுப் பாடினார்கள். இருட்டில் முப்பத்தோரு படி யார் இறங்குவது. மேலேயிருந்து ஒருவர், "இருதயராஜ் அண்ணே, மெர்ரி கிறிஸ்மஸ்" என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். கேட்டிருக்காது. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பெனிட்டா போன வருடம் வாங்கிய காகித நட்சத்திரத்தை கோகிலா ஜன்னலில் கட்டியிருக்கிறாள். அதற்குள் பல்பு எரிகிறது. அதன் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். எழுத வேண்டியதை இத்தனை நாள் எழுதவில்லை. பொய் எழுதக் கூடாது என்று முதல் பக்கத்தில் இருக்கிறது.

முதலில் வெந்நீர். "இதமா இருக்கு" என்று நான் சொன்னது பொய். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் பதினாலு மாதமாக என் காலைத் தொட்டவர்கள் எல்லாரும் வேலையாகத் தொட்டவர்கள். அவன் மண்டியிட்டு, முகத்தை நிமிர்த்திக் கேட்கிறான். தெரியலைடா என்று சொன்னால் அவன் இன்னொரு தடவை செத்துப் போவான் என்று நினைத்தேன். அதைவிட, அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும் போல எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

இரண்டாவது ஏணி. அன்றைக்கு போஜன் இரண்டு கையாலும்தான் பிடித்திருந்தான். தார்ப்பாய்க் கயிற்றை எடுத்துக் கொடு என்று நான்தான் கேட்டேன். ஒரு கையை எடுத்தான், இன்னொரு கை ஏணியில்தான் இருந்தது. அப்போது மேலே சாலையில் மஞ்சூர் வண்டி வந்தது. 4.40க்கு வர வேண்டிய வண்டி. எத்தனை நிமிடம் லேட் என்று பார்க்க, ஏணி மேல் நின்றுகொண்டே, பிடித்திருந்த கையை விட்டு வாட்சைத் திருப்பினேன். 4.52. பார்த்தேன், விழுந்தேன். அன்று எனக்கு விடுமுறை. அந்த வண்டிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவன் கையை விட்டுவிட்டான் என்றார்கள். அவனும் அப்படித்தான் நம்பினான். கட்டிலோரம் நின்று, "நான் விட்டுட்டேண்ணா, நான் விட்டுட்டேன்" என்று அழுதான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாட்ச் பார்க்கப் போய் விழுந்தேன் என்று எப்படிச் சொல்வது. பஸ் ஸ்டாண்டே சிரிக்கும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினாலு மாதம்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்மஸ். கோகிலா பிரியாணி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். பாதி மிச்சம்.

டிசம்பர் 27, வெள்ளி

நர்ஸம்மா. ஓரம் கறுக்கவில்லை, ஆனால் ஆறவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கட்டைத் தவறவிடுவதுதான் கெடுக்கிறது என்றார்.

கோகிலாவிடம் சொல்லியனுப்பினேன். பஸ் ஸ்டாண்டில் போஜன் கண்டக்டரைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை நான் வரச் சொன்னேன் என்று சொல். அவர் கோபமாப் போனார்னு நீங்கதானே சொன்னீங்க என்றாள். கோபமாக இருந்தது நான் என்றேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

வந்தான். வாசலிலேயே நின்றான். இந்தத் தடவை கையில் ஒன்றும் இல்லை.

கம்பளியை எடுத்தேன், கட்டை அவிழ்த்தேன், காட்டினேன். அவன் பார்த்தான். முதலில் புரியவில்லை. பிறகு டப் இருக்கும் மூலையைப் பார்த்தான். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"நானா?"

"நான். சூடு சரியான்னு நீ கேட்ட. எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

"இதமா இருக்குன்னீங்க."

"பொய்."

அடுத்ததையும் உடனே சொல்லிவிட்டேன். நிறுத்தினால் மறுபடி பதினாலு மாதம் ஆகும் என்று பயம். வாட்ச், மஞ்சூர் வண்டி, 4.52. அவன் கை ஏணியில்தான் இருந்தது என்று சொன்னேன். சொல்லும்போது அவன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு மெதுவாகத்தான் பேசினான். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பதினாலு மாசம்ணா. டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் இந்தக் கையத்தான் பாப்பேன். எம் பையன் சைக்கிள் பழகறான், சீட்டப் பிடிச்சுக்கோப்பான்னான். பிடிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். வேற ஆளக் கூட்டிக்கோன்னேன். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

"ஒரு வார்த்தைதானே. கட்டில்ல படுத்துக்கிட்டே சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம். எழுந்தான். அந்தக் கட்டை, அவிழ்த்துப் போட்டதை, அப்படியே பார்த்தான். குனிந்து புதுத் துணி எடுத்து, நான் சொல்லச் சொல்ல மருந்து போட்டுக் கட்டினான். கட்டி முடித்ததும் போய்விட்டான். வருகிறேன் என்று சொல்லவில்லை. படியில் எந்த இடத்திலும் நிற்கவில்லை.

டிசம்பர் 30, திங்கள்

பெனிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கிறது, அது தெரிந்தும் சொன்னேன். முடிந்த பிறகு சொல்லலாம் என்று மனசு சொன்னது. அந்த மனசைத்தான் இனி நம்பக் கூடாது என்று இருக்கிறேன்.

"யாரு ஊத்தினது?" என்றாள். அவள் குரல் உயர்ந்தது. போஜன் என்று சொல்லி, அதே மூச்சில் ஏணியையும் சொன்னேன். வலது கால் என்று இடது காலைக் காட்டியதையும் சொன்னேன்.

அவளுக்குப் பின்னால் யாரோ ஹாஸ்டலில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் அந்த அங்கிள என்னல்லாம் பேசினேன்ப்பா" என்றாள்.

"தெரியும். கேட்டுட்டுத்தான் படுத்திருந்தேன்."

போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் 31, செவ்வாய்

போன் வரவில்லை. வலது: ஆறவில்லை. இடது: சரி.

ஜனவரி 1, புதன்

போன் வரவில்லை. கிளம்பியிருப்பாளோ என்று ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தேன். வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

ஜனவரி 3, வெள்ளி

நர்ஸம்மா: ஓரத்தில் இளஞ்சிவப்புத் தோல் தெரிகிறதாம். கண்ணாடியில் காட்டினார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. தெரியலை என்றேன். கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தார். தெரிந்தது.

ஜனவரி 5, ஞாயிறு

பத்தே முக்காலுக்குப் படியில் சத்தம். போஜன். ஒரு கையில் மருந்துக் கடைப் பை, இன்னொரு கையில் தைல இலை.

"உங்களுக்காக வரல" என்றான் வாசலிலேயே. "அந்தப் புள்ளைக்காக வந்தேன்."

பெனிட்டா வியாழக்கிழமை அவனுக்குப் போன் செய்தாளாம். அரை மணி நேரம் அழுதாளாம். கிளம்பி வருகிறேன் என்றாளாம். "நீ பரீட்சை எழுது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டு என்னோடது" என்று இவன் சொல்லியிருக்கிறான். எட்டாம் தேதி எழுதுகிறாள். பொங்கலுக்கு வருவாள். என்னிடம் எப்போது பேசுவாள் என்று கேட்டேன்.

"பேசறப்போ பேசும். நானே இன்னும் உங்ககிட்ட பேசல, பாத்துக்கோங்க" என்றான். பேசிக்கொண்டேதான் இருந்தான்.

வலது காலைக் கட்டி, பிளாஸ்டிக் பையால் மூடி, ஸ்டூலில் தூக்கி வைத்தான். பிறகு இடது பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். ஐஸ். கெட்டிலை வைத்தான், இலையைப் போட்டான். டப்பில் தண்ணீரைக் கலந்தான். சட்டைக் கையை மடித்து முழங்கையை உள்ளே விட்டான். எடுத்தான். பச்சைத் தண்ணீர் ஒரு குவளை விட்டான். மறுபடியும் முழங்கை. கைக்குழந்தைக்குத் தண்ணீர் விளாவுகிறவர்கள் செய்வதுதான். அவன் பையனுக்கும் இப்படித்தான் செய்திருப்பான். சைக்கிள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பிடிக்கறேன்" என்றான்.

என் இடது காலைத் தூக்கித் தண்ணீரில் வைத்தான். பழக்கத்தில் முகத்தை நிமிர்த்தி, "சூடு சரியா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதுடா" என்றேன்.

"எனக்குத் தெரியும். சரியாத்தான் இருக்கு."

பாதத்துப் பக்கத்தில் தன் கையையும் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தான். ஆறியதும் அவனே சொன்னான். மறுபடி ஊற்றும்போது கையை எடுக்கவில்லை. இருவரும் அதிகம் பேசவில்லை. மேலே மஞ்சூர் வண்டி போனது.

வலது: ஆறி வருகிறது.

இடது: வெதுவெதுப்பு. போஜன் சொன்னது.

மஞ்சூர் வண்டி: மணி பார்க்கவில்லை.